கடத்தும் படலம் கைவிட்டால் எங்கே தேடுவது?

பெடாட்–பிஎஸ்எஸ் அல்லது பாலிஅனிலின் என்ற மின்கடத்தும் பாலிமரோடு கார்பன் நானோகுழாய் கலந்து கண்ணாடித் துண்டில் படலம் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதுச்சேரி காலாப்பட்டிலிருந்து கடலூர் முதுநகர் வரை கடலை ஒட்டி இருக்கும் ஆய்வகங்களில் ஒரே மாதிரியான கோளாறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. குளிர்ந்த, உலர்ந்த ஊரில் எழுதிய செய்முறையை வரிக்கு வரி பின்பற்றினாலும் இங்கே மின்தடை வேறு அளவு வரும். உடனே குழாய் மேல் பழி விழும். இன்னொரு கிராம் வாங்கக் கடிதம் போகும். குழாய் விலை அதிகம். அதை வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய உண்டு, அவற்றில் பாதிக்குச் செலவே கிடையாது.

அறிகுறி எதுவானாலும் முதல் வேலை ஒன்றுதான். கலவைப் படலம் போடும் ஒவ்வொரு முறையும், அதே நாளில், அதே கண்ணாடியில், அதே ஹாட் பிளேட்டில், குழாய் சேர்க்காத வெறும் பாலிமர் படலம் ஒன்றையும் போட்டு வையுங்கள். இதைச் சாட்சிப் படலம் என்று வைத்துக்கொள்வோம். சாட்சியும் மோசமாக வந்தால் கோளாறு பாலிமரில், கண்ணாடியில், அளவீட்டில் அல்லது காற்றில் இருக்கிறது. சாட்சி நன்றாக இருந்து கலவை மட்டும் மோசம் என்றால்தான் குழாயையும் அதைக் கலந்த விதத்தையும் சந்தேகிக்க வேண்டும். ஒரு கண்ணாடித் துண்டு செலவில் தேடல் பாதியாகிவிடும்.

கூடவே ஒரு ஈரப்பதமானியும், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றும் மேசையில் இருக்கட்டும். நோட்டில் மின்தடையை எழுதும்போது பக்கத்திலேயே அறையின் ஈரப்பதத்தையும் எழுதுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் எடுத்த அளவையும் சித்திரையில் எடுத்த அளவையும் இந்த எண் இல்லாமல் ஒப்பிடவே முடியாது.

அறிகுறி: மீட்டரில் "ஓ.எல்." (அளவு எல்லை தாண்டியது) மட்டும் வருகிறது

முதலில் கண்ணாடியின் மறுபக்கத்தைத் தொடுகிறீர்களா என்று பாருங்கள். மெல்லிய பெடாட் படலம் வெளிர் நீலம், கையில் எடுத்ததும் எந்தப் பக்கம் என்று தெரியாது. வெள்ளைத் தாள் மேல் வைத்துச் சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் கோடு தெரியும். ஓரத்தில் ஒரு சிறிய குறி போட்டு வைத்தால் இந்தக் குழப்பமே வராது.

பக்கம் சரி என்றால் மீட்டரின் ரேஞ்ச். இங்கே ஒரு சின்னக் கணக்கு உதவும். எதுவும் சேர்க்காத பெடாட்–பிஎஸ்எஸ்ஸின் கடத்துதிறன் 1 சீமென்ஸ்/செ.மீ.க்கும் கீழே. 0.2 என்று எடுத்துக்கொண்டால், 50 நானோமீட்டர் தடிமனுள்ள படலத்தின் தகட்டுத் தடை (சதுரத் துண்டு ஒன்றின் எதிர் ஓரங்களுக்கு இடையே உள்ள தடை) சதுரத்துக்கு 10 லட்சம் ஓம். 200 கிலோ ஓம் ரேஞ்சில் வைத்துப் பார்த்தால் "ஓ.எல்." காட்டத்தான் செய்யும். அது கோளாறு இல்லை. கடத்துதிறனைக் கூட்டும் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானைச் சேர்க்காத படலம் அப்படித்தான் இருக்கும்.

ரேஞ்ச் மாற்றியும் வரவில்லையா? மீட்டரின் கூர் முனையை அழுத்திக் குத்தாதீர்கள். 50 நானோமீட்டர் படலத்தை அது கிழித்துக்கொண்டு கண்ணாடிக்கே போய்விடும். இரு ஓரத்திலும் சில்வர் பேஸ்ட் பட்டையாகத் தடவி, முழுக்கக் காய்ந்த பிறகு அதன் மேல் முனையை வையுங்கள். ஈரமான பேஸ்ட்டின் அளவை நம்பக் கூடாது. செப்பு டேப் வசதிதான், ஆனால் பெடாட்–பிஎஸ்எஸ் நல்ல அமிலம், பிஎச் 2ஐ ஒட்டி இருக்கும். சில நாளில் செம்பு அரித்துத் தொடர்பு போய்விடும்.

இதற்கும் அசையவில்லை என்றால் படலம் தொடர்ச்சியாக இருக்கிறதா பாருங்கள். டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தால் ஓட்டைகளும் தீவு தீவாகப் பிரிந்த இடங்களும் தெரியும். தெரிந்தால் கீழே "ஒட்டவில்லை" பகுதிக்குப் போங்கள். பாலிஅனிலின் படலம் நீலமாகத் தெரிந்தால் நேராக "பச்சை நீலமாகிவிட்டது" பகுதிக்கு.

அறிகுறி: சந்தேகப்படும்படி நன்றாக வருகிறது

எந்தப் படலம் போட்டாலும் 10, 15 ஓம் என்று ஒரே அளவு வருகிறதா? அடியில் இருப்பது ஐடிஓ கண்ணாடி, அதாவது மின்கடத்தும் ஆக்சைடு பூசியது. நீங்கள் அளப்பது அதைத்தான். படலத்தின் பக்கவாட்டுக் கடத்துதிறன் வேண்டுமென்றால் சாதாரணக் கண்ணாடியில் போட்டு அளக்க வேண்டும். வேறு வழி கிடையாது. அமிலத்தன்மையுள்ள பெடாட் ஐடிஓவை மெல்ல அரிக்கும் என்பதால் அந்தக் கண்ணாடியில் படலத்தை மாதக்கணக்கில் வைப்பதும் நல்லதல்ல.

அறிகுறி: கடத்துகிறது, ஆனால் எதிர்பார்த்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை

அதிகம் வரும் புகார் இதுதான், அதிகக் காரணங்கள் உள்ளதும் இதுதான். செலவில்லாததிலிருந்து போவோம்.

*கணக்கு.* நான்கு ஊசி முறையில் (வெளி ஊசி இரண்டில் மின்னோட்டம் விட்டு, உள் ஊசி இரண்டில் மின்னழுத்தம் பார்ப்பது) தகட்டுத் தடை என்பது மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து 4.532ஆல் பெருக்கியது. இந்தப் பெருக்கலை விட்டவர்கள் நிறையப் பேர்; விட்டால் கடத்துதிறன் நாலரை மடங்கு கூடுதலாகத் தெரியும், நீங்கள் ஒப்பிடும் பழைய எண் அப்படி வந்ததாகவும் இருக்கலாம். தகட்டுத் தடையையும் தடிமனையும் பெருக்கி, அதன் தலைகீழை எடுத்தால் கடத்துதிறன். தடிமனை நானோமீட்டரிலிருந்து சென்டிமீட்டருக்கு மாற்றும்போது ஒரு சுழியம் தவறினால் பத்து மடங்கு போய்விடும். சரிபார்க்க ஒரு அளவு: 100 ஓம்/சதுரம், 100 நானோமீட்டர் என்றால் 1000 சீமென்ஸ்/செ.மீ. உங்கள் கால்குலேட்டர் இதைத் தருகிறதா என்று முதலில் பாருங்கள். படலம் சின்னதாக இருந்தால் 4.532 பொருந்தாது. வட்டப் படலத்தின் விட்டம் ஊசி இடைவெளியைப் போல 40 மடங்கு என்றால் கவலை இல்லை. 10 மடங்குதான் என்றால் 4.17 போட வேண்டும்.

*தொடர்பு.* மின்னோட்டத்தை இரட்டிப்பாக்குங்கள். மின்னழுத்தமும் இரட்டிப்பாக வேண்டும். பிறகு மின்னோட்டத்தின் திசையை மாற்றுங்கள். அதே எண் எதிர்க்குறியோடு வர வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் படலத்தைக் குறை சொல்லாமல் ஊசி முனை, வயர், கிளிப் பக்கம் போங்கள். நம் ஊரில் கிளிப்தான் பெரும்பாலும் குற்றவாளி. உப்புக்காற்றில் குரோக்கடைல் கிளிப்பின் பற்களுக்குள் பச்சையும் பழுப்புமாகத் துரு பிடித்திருக்கும், வெளியே பளபளப்பாகவே தெரியும். வாயைத் திறந்து உள்ளே பாருங்கள். உப்புத்தாளால் தேய்ப்பதைவிட மாற்றிவிடுவது மேல். மீட்டரைப் பிடித்திருக்கும்போதே அளவு ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போனால் மின்னோட்டம் அதிகமாகிப் படலம் சூடாகிறது. பத்தில் ஒரு பங்காகக் குறையுங்கள்.

*டிஎம்எஸ்ஓ.* கன அளவில் 5 சதவீதம் டிஎம்எஸ்ஓ அல்லது எத்திலீன் கிளைக்கால் சேர்க்காமல் பெடாட்–பிஎஸ்எஸ்ஸிடம் நூற்றுக்கணக்கான சீமென்ஸ் எதிர்பார்க்க முடியாது. சேர்த்திருந்தால், சேர்த்தபின் கலக்கினீர்களா? டிஎம்எஸ்ஓ கனமானது, அடியில் போய் உட்கார்ந்துவிடும். பாட்டிலை மெல்லச் சுழற்றினால் போதும். வேகமாகக் குலுக்கினால் நுரை வந்து, படலத்தில் ஓட்டையாக முடியும்.

*சூடாக்கியது.* 120 முதல் 140 டிகிரியில் 10, 15 நிமிடம் வேண்டும். ஹாட் பிளேட்டின் திரையில் காட்டும் 120, கண்ணாடியின் மேல்பரப்பில் 120 ஆக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வெப்பமானியைக் கண்ணாடி மேலேயே ஒட்டிப் பாருங்கள், கணிசமாகக் குறைவாக இருக்கும். மழைக்காலத்தில் சூடாக்கி முடித்த படலத்தைத் திறந்த மேசையில் ஆறவிட்டால், ஆறும் நேரத்திலேயே ஈரம் குடிக்கத் தொடங்கிவிடும். டெசிகேட்டருக்குள் (ஈரம் உறிஞ்சும் பொருள் போட்ட மூடிய கலம்) ஆறவிடுங்கள்.

இதுவரை எல்லாம் சரி, சாட்சிப் படலமும் நன்றாக இருக்கிறது, கலவை மட்டும் மோசம் என்றால் இனி குழாய்ப் பக்கம்.

*எவ்வளவு குழாய் போட்டீர்கள்?* வழக்கமான பெடாட் கரைசலில் திடப்பொருள் எடையில் 1 முதல் 1.3 சதவீதம்தான். ஒரு மி.லி.யில் சுமார் 11 மி.கி. அதில் 1 சதவீதக் குழாய் என்றால் 0.11 மி.கி. மாணவர்கள் வழக்கமாக "ஒரு மி.லி.க்கு ஒரு மி.கி." என்று போடுகிறார்கள். அது 8 சதவீதத்துக்கும் மேல். அவ்வளவு குழாயை நீரில் பிரித்து நிறுத்துவது கடினம், கட்டி கட்டியாகத்தான் நிற்கும். 0.11 மி.கி.யைத் தராசில் நிறுக்க முடியாது என்பதால், முதலில் அடர்த்தியான குழாய்க் கரைசல் தயாரித்து அதிலிருந்து மைக்ரோலிட்டர் கணக்கில் எடுத்துச் சேருங்கள்.

*சோப்பு.* குழாயைப் பிரிக்க எஸ்டிஎஸ், எஸ்டிபிஎஸ் போன்ற சர்ஃபாக்டன்ட் சேர்த்திருப்பீர்கள். அது மின்கடத்தாப் பொருள். ஒரு குழாயிலிருந்து அடுத்த குழாய்க்கு மின்னோட்டம் தாவும் சந்திப்பில்தான் தடை அதிகம். அந்தச் சந்திப்பில்தான் இந்தச் சோப்பு உட்கார்ந்திருக்கிறது. குழாயின் எடையைப் போலப் பத்து மடங்கு சோப்பு போட்ட கலவை, வெறும் பெடாட்டைவிடக் குறைவாகக் கடத்தினால் ஆச்சரியமில்லை. பெடாட்டோடு இருக்கும் பிஎஸ்எஸ்ஸே குழாயைச் சுற்றிப் பிடித்து நிறுத்தக்கூடியது. குறைந்த அளவுக் குழாய்க்கு வேறு சோப்பு இல்லாமல் முயன்று பாருங்கள். சோப்பு தவிர்க்க முடியவில்லை என்றால், காய்ந்த படலத்தைப் புகைப்போக்கி அறைக்குள் மெத்தனாலில் நனைத்து எடுத்து மறுபடி சூடாக்கலாம். சோப்பில் ஒரு பகுதியும் உபரி பிஎஸ்எஸ்ஸும் சேர்ந்தே போகும். தண்ணீரில் கழுவ நினைக்காதீர்கள், படலமே போய்விடும்.

*எவ்வளவு நேரம் சோனிகேட் செய்தீர்கள்?* கரைசலுக்குள் முனையை விட்டு மீயொலியால் குழாயைப் பிரிக்கும் புரோப் சோனிகேட்டரை நிறுத்தாமல் ஓட்டினால் குழாய் துண்டு துண்டாகும். துண்டு குட்டையாக ஆக, அதே தூரத்தைக் கடக்க அதிகச் சந்திப்புகள் வேண்டும், தடை ஏறும். சில வினாடி ஓட்டி, அதே அளவு நிறுத்தி, பீக்கரை ஐஸில் வைத்து ஓட்டுங்கள். பெடாட் கரைசலைச் சேர்த்த பிறகு புரோப் வேண்டாம்; மெல்லக் கலக்கினால் போதும்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது கோளாறே இல்லாத கோளாறு. குழாய் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு புள்ளியில் கடத்துதிறன் சட்டென்று பல மடங்கு எகிறும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்தத் தாவல் எபாக்சி, பாலிஸ்டைரீன் போல மின்கடத்தாத பாலிமரில் வருவது. பெடாட்டும் பச்சைப் பாலிஅனிலினும் தாமே கடத்துபவை, அங்கே தாவல் வராது. ஏற்றம் மெதுவாகத்தான் இருக்கும். டிஎம்எஸ்ஓ சேர்த்து 800 சீமென்ஸ் வரும் பெடாட்டில் குழாய் கலந்ததால் எண் கூடாமலே போகலாம். அந்த வரைபடத்தை வரவைக்க மாதக்கணக்கில் போராடும் மாணவர்களைப் பார்க்கும்போது மனது கஷ்டப்படுகிறது. படலம் சரியாகவே இருக்கிறது, தேடும் இடம்தான் வேறு.

அறிகுறி: படலத்தில் கரும்புள்ளிகள், இடத்துக்கு இடம் அளவு மாறுகிறது

ஒரு சொட்டுக் கரைசலைக் கண்ணாடியில் வைத்து, மேலே கவர் ஸ்லிப் மூடி, 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். நன்றாகப் பிரிந்த கரைசலில் அநேகமாக எதுவும் தெரியாது, சீரான சாம்பல் நிறம் மட்டும். கருப்புத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் கோளாறு படலத்தில் இல்லை, பாட்டிலிலேயே இருக்கிறது.

பாட்டிலில் கட்டி என்றால் கேளுங்கள்: எந்தத் தண்ணீர்? கடலோர போர்வெல் தண்ணீரில் உப்பு ஏறியிருக்கிறது. கேன் தண்ணீரும் வீட்டு ஆர்ஓ தண்ணீரும் குடிக்கத்தான் சரி. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கடைக்குக் கடை மாறும். டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பாருங்கள். 0 அல்லது 1 காட்டாத தண்ணீரை இந்த வேலைக்குத் தொட வேண்டாம். கரைந்த உப்பு, துகள்களின் மேலிருக்கும் மின்னூட்டத்தை மறைத்து அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும்.

கலந்த உடனே தயிர் திரிவது போலத் திரிந்ததா? சிடிஏபி போன்ற நேர்மின் சோப்பைப் பயன்படுத்தியிருப்பீர்கள். பிஎஸ்எஸ் எதிர்மின் வகை, இரண்டும் சேரவே சேராது. எஸ்டிஎஸ்ஸுக்கு மாறுங்கள்.

பெடாட் பாட்டிலிலேயே ஜெல்லி மாதிரி கட்டி இருக்கிறதா? ஃபிரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைத்து உறைந்திருக்கும். உறைந்து உருகிய கரைசல் பழைய நிலைக்கு வராது, சோனிகேட் செய்தாலும் பயனில்லை. 2 முதல் 8 டிகிரியில், கதவுப் பக்கத் தட்டில் வையுங்கள். வெளியே எடுத்தால் மூடியைத் திறக்காமல் அறை வெப்பநிலைக்கு வரவிடுங்கள். இங்குள்ள காற்றில் குளிர்ந்த பாட்டிலைத் திறந்தால் வாயிலேயே வியர்த்து, அந்த நீர் உள்ளே சொட்டும்.

வடிகட்டும் வரிசையையும் பாருங்கள். 0.45 மைக்ரான் பிவிடிஎஃப் சிரிஞ்ச் ஃபில்டர் பெடாட்டுக்கு நல்லது. ஆனால் குழாய் சேர்ப்பதற்கு முன்பு வடிகட்ட வேண்டும். குழாய் சேர்த்த பிறகு வடிகட்டினால் மைக்ரான் நீளமுள்ள குழாய்கள் ஃபில்டரிலேயே தங்கிவிடும். ஃபில்டர் தாள் கன்னங்கரேலென்று இருக்க, கீழே வெளிர் நீலமாக இறங்கினால் குழாயைக் குப்பையில் போட்டுவிட்டு வெறும் பெடாட் படலம் போடுகிறீர்கள் என்று அர்த்தம்.

இவை எல்லாம் சரி என்றால் புரோப்பின் முனையைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். டைட்டானியம் முனை நாளடைவில் குழி விழுந்து பொரிந்து போகும். அதன் துகளும் கரைசலில் இறங்கும், ஆற்றலும் சரியாகப் போகாது. லேசான சொரசொரப்பு பரவாயில்லை. விரல் நகத்தில் குழி தட்டினால் முனையை மாற்ற சர்வீஸ் ஆளைக் கூப்பிட வேண்டிய நேரம் அது. கொஞ்சம் செலவுதான்.

காய்ந்த குழாய்ப் பொடியைக் கையாளும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். வெக்கையாக இருந்தாலும் நிறுத்துங்கள். புகைப்போக்கி அறைக்குள் எடை போட்டு, அங்கேயே நீரில் நனைத்துவிட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும். பல்சுவர்க் குழாய்களில் ஒரு வகையைப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம் என்ற பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2014இல் சேர்த்தது. துணி மாஸ்க் இதற்குப் போதாது.

அறிகுறி: நேற்று வந்த அளவு இன்று வரவில்லை

"அக்கா, நேத்து நானூறு ஓம் இருந்துச்சு, இன்னைக்கு எழுநூறு காட்டுது." மழைக்காலத்தில் இதைக் கேட்காத வாரம் இருக்காது.

முதலில் இது திரும்பக்கூடிய மாற்றமா, திரும்பாததா என்று பிரிக்க வேண்டும். படலத்தை 120 டிகிரியில் 10 நிமிடம் வைத்து, டெசிகேட்டரில் ஆறவிட்டு, எடுத்தவுடன் அளங்கள். ஹாட் பிளேட் இல்லையென்றால் புதிய சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் ஒரு இரவு.

*பழைய அளவு திரும்பிவிட்டது என்றால்* ஈரம்தான் காரணம். பிஎஸ்எஸ் நீரை உறிஞ்சி ஊதும். டிஎம்எஸ்ஓ போட்ட நல்ல படலத்தில் கடத்தும் பெடாட் துகள்கள் இதனால் விலகித் தடை ஏறும். எதுவும் சேர்க்காத படலத்தில் தலைகீழாகத் தடை இறங்குவதையும் பார்ப்பீர்கள்: உறிஞ்சிய நீர் வழியாக அயனிகள் ஓடுகின்றன. இரண்டு மாணவர்கள் ஒரே அறையில் ஒரே நாளில் எதிரெதிர் முடிவு கொண்டுவந்தால் இருவருமே சரியாக அளந்திருக்கலாம். யார் டிஎம்எஸ்ஓ போட்டது என்று கேளுங்கள். பாலிஅனிலின் வேறு குணம். அதற்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும். காயக் காயத் தடை ஏறும். எனவே அதை உலர்த்தி அளந்த எண்ணையும் மேசையில் வைத்து அளந்த எண்ணையும் கலக்காதீர்கள்.

தீர்வு: சிலிக்கா ஜெல்லின் நிறத்தைப் பாருங்கள். நீல வகை இளஞ்சிவப்பாகியிருந்தால் அது வேலை செய்யவில்லை. 120 டிகிரி ஓவனில் வைத்தால் மறுபடி நீலமாகும்; நம் ஊரில் மழைக்காலம் முழுக்க இதை அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும். டெசிகேட்டர் மூடியின் கிரீஸ் வளையம் முழுதாக, ஒளி ஊடுருவும்படி இருக்கிறதா என்றும் பாருங்கள். மாலையில் ஏசியை அணைத்துவிட்டுப் போகும் அறையில் இரவில் ஈரப்பதம் ஏறிவிடும், காலையில் நீங்கள் பார்க்கும்போது இறங்கியிருக்கும். உச்ச அளவைப் பதிந்து வைக்கும் ஈரப்பதமானி வாங்கினால் இது பிடிபடும். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததுபோலப் புயல் வந்து மின்சாரம் நிற்கும் நாட்களுக்கு, ஏசியை நம்பாமல் ஜிப் பையும் சிலிக்கா ஜெல்லும் போட்ட இறுக்கமான டப்பாவில் படலத்தை எடுத்து வைப்பதுதான் பாதுகாப்பு. நீண்ட நாள் அளவீடு என்றால் மேலே ஒரு கண்ணாடி வைத்து ஓரத்தை எபாக்சியால் அடைத்துவிடுங்கள்.

*பழைய அளவு திரும்பவில்லை என்றால்* மூன்று இடம் பாருங்கள். ஒன்று, சில்வர் பேஸ்ட் பட்டை: கறுத்திருந்தால், விரிசல் விட்டிருந்தால் அதை மட்டும் புதுப்பித்து மறுபடி அளங்கள். இரண்டு, வெளிச்சம்: ஜன்னலோர மேசையில் வைத்த பெடாட் படலம் புறஊதாக் கதிரும் ஆக்சிஜனும் சேர்ந்து நிரந்தரமாகக் கெடும், அலுமினியத் தாளில் சுற்றி வைப்பதே போதும். மூன்று, விரிசல்: தடித்த படலம், அதிலும் பாலிஅனிலின், காயும்போது மயிரிழையாக வெடிக்கும். மைக்ராஸ்கோப்பில் விரிசல் தெரிந்தால் அந்தப் படலத்தைக் காப்பாற்ற முடியாது. மெல்லிய அடுக்குகளாக, ஒவ்வொன்றையும் காயவைத்துப் போடுங்கள்.

அறிகுறி: பச்சை நீலமாகிவிட்டது

இது பாலிஅனிலினுக்கு மட்டும். பச்சை கடத்தும் நிலை, நீலம் கடத்தாத நிலை. அமிலம் படலத்தை விட்டுப் போயிருக்கிறது.

புகைப்போக்கி அறைக்குள் அடர் ஹைட்ரோகுளோரிக் அமில பாட்டிலின் வாய்க்கு மேலே படலத்தைச் சில நிமிடம் பிடியுங்கள். பச்சை திரும்பினால் பாலிமர் நலமாக இருக்கிறது, அமிலம் போன வழியை மட்டும் அடைத்தால் போதும். வழிகள் இவை: கடைசிக் கழுவலை வெறும் தண்ணீரில் செய்தது (0.2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவி, பிறகு அசிட்டோனில் கழுவ வேண்டும்), 100 டிகிரிக்கு மேல் அல்லது வெற்றிடத்தில் நெடுநேரம் உலர்த்தியது, பக்கத்து மேசையில் அம்மோனியா பாட்டில் திறந்திருந்தது. கருவாடு காயும் இடங்களின் வாடையில் இருக்கும் அமீன்களும் இதே வேலையைத்தான் செய்யும். மீன் கெட்டதைக் கண்டறியப் பாலிஅனிலினைப் பயன்படுத்துவது இந்தக் குணத்தை வைத்துத்தான், எனவே துறைமுகத்தை ஒட்டிய ஆய்வகத்தில் படலத்தைத் திறந்து வைக்காதீர்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆவியாகும் இயல்புடையது. நிலையாக நிற்க வேண்டுமென்றால் கேம்ஃபர் சல்ஃபோனிக் அமிலத்துக்கு மாறுவது நல்லது.

பச்சை திரும்பவில்லை, அல்லது நீலத்தைத் தாண்டி ஊதாவாக இருக்கிறது என்றால் தயாரிப்பிலேயே கோளாறு. அம்மோனியம் பெர்சல்ஃபேட் அதிகம்: அனிலின் 1 மோலுக்கு 1.25 மோல் போதும். அனிலின் பழையது: பாட்டிலில் பழுப்பாகத் தெரிந்தால் குறைந்த அழுத்தத்தில் காய்ச்சி வடித்துத்தான் பயன்படுத்த வேண்டும், தோலில் படாமல். அல்லது வினை சூடாகிவிட்டது. 0 முதல் 5 டிகிரியில் நடக்க வேண்டிய வினை, சர்குலேட்டர் ஓடும்போது மின்சாரம் போனால் ஏறிவிடும். தேங்காய்த்திட்டு துறைமுகத்திலோ கடலூர் துறைமுகத்திலோ மீனுக்குப் போடும் ஐஸ் பார் கிடைக்கும். அதை உடைத்துக் கல்லுப்பு தூவி குடுவையைச் சுற்றிப் போட்டால் சுழியத்துக்குக் கீழே நிற்கும், மின்சாரமே வேண்டாம். அந்த ஐஸ் குடுவைக்கு வெளியே மட்டும்தான்.

அறிகுறி: ஒட்டவில்லை, குவிகிறது, உரிகிறது

ஒட்டாமல் முத்து முத்தாக நின்றால் கண்ணாடி அழுக்கு. சோப்பு, தூய நீர், அசிட்டோன், ஐசோபுரொப்பனால் என்று ஒவ்வொன்றிலும் 15 நிமிடம் சோனிகேட் செய்து, இருந்தால் யூவி-ஓசோனில் 15 நிமிடம் வையுங்கள். கழுவிய கண்ணாடியில் சுத்த நீர் விட்டால் சொட்டாக நிற்காமல் பரவ வேண்டும். கழுவியதை மறுநாளுக்கு வைக்காதீர்கள், அரை மணிக்குள் படலம் போட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் தாளில் போடுகிறீர்கள் என்றால் ஒரு துளி டிரைட்டன் எக்ஸ்-100 சோப்பு தேவைப்படும்.

தண்ணீர் பட்டால் படலம் கரைகிறது என்றால் அது பெடாட்–பிஎஸ்எஸ்ஸின் இயல்பு. 1 சதவீதம் அளவுக்கு ஜிஓபிஎஸ் என்ற பிணைப்புப் பொருள் சேர்த்து 140 டிகிரியில் சூடாக்கினால் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். கடத்துதிறன் கொஞ்சம் குறையும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஜிஓபிஎஸ் கலந்த கரைசலை நாள் கழித்துப் பயன்படுத்த வேண்டாம், இறுகத் தொடங்கிவிடும்.

எப்போது வெளியே கொடுப்பது

சாட்சிப் படலம் நன்றாக இருக்கிறது, சொட்டுச் சோதனையில் கட்டி இல்லை, தண்ணீர் சரி, சோப்பு குறைவு, உலர்த்தி அளந்தும் கலவை மட்டும் மோசம் என்ற நிலைக்கு வந்த பிறகுதான் குழாயின் தரத்தைச் சந்தேகியுங்கள். அதற்கு ராமன் அளவீடு (லேசர் ஒளி சிதறுவதை வைத்துப் பொருளின் கட்டமைப்பைப் பார்ப்பது) வேண்டும். பல்கலைக்கழகக் கருவிக்கூடங்களில் கட்டணம் கட்டி எடுக்கலாம், சென்னை ஐஐடியின் பொதுக் கருவிக்கூடமான சைஃபிலும் எடுக்கலாம். கலவைப் படலத்தை மட்டும் அனுப்பாதீர்கள். பெடாட்டின் சிகரம் 1430ஐ ஒட்டி எழுந்து குழாயின் சிகரங்களோடு குழம்பும். வாங்கிய பொடி, சோனிகேட் செய்து காயவைத்த குழாய், சாட்சிப் படலம், கலவைப் படலம் என நான்கையும் கொடுங்கள். குழாயின் குறைபாட்டைக் காட்டும் 1350 அருகே உள்ள சிகரம், 1590 அருகே உள்ளதோடு ஒப்பிடும்போது பொடியிலேயே உயரமாக இருந்தால் விற்றவரிடம் பேசலாம். பொடியில் தாழ்ந்து, சோனிகேட் செய்ததில் உயர்ந்தால் சோனிகேட்டர் அமைப்பை மாற்றுங்கள், புதுக் குழாய் வாங்க வேண்டாம்.

எஸ்இஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படம் எடுப்பதானால் படலம் தானே கடத்துவதால் பெரும்பாலும் தங்கப் பூச்சு தேவையில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பூசிவிட்டால் மெல்லிய குழாய் வலை மறைந்துவிடும்.

நான்கு ஊசிக் கருவியில், தகட்டுத் தடை தெரிந்த ஐடிஓ கண்ணாடி ஒன்றை வைத்து அளந்தும் தவறான எண் வந்தால், ஊசியை நீங்களே வளைத்துச் சரிசெய்ய முயல வேண்டாம். ஊசி இடைவெளி மாறினால் அதன் பிறகு எடுக்கும் எல்லா அளவும் கெடும். அந்த ஐடிஓ கண்ணாடியையும் அதில் நீங்கள் எடுத்த அளவுகளையும் சேர்த்தே சர்வீஸ் ஆளிடம் காட்டுங்கள்.